வீட்டில் வைத்துப் பார்க்கச் சொன்ன பிள்ளைக்கு மாதாமாதம் காசு சேர்ப்பது எப்படி?

சாமிமலைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தேயிலைத் தோட்டப் பிரிவில், டிவிசன் என்போம், ஏழு வயதுப் பெண்பிள்ளை ஒன்று இருக்கிறது. பிறந்ததிலிருந்தே பெருமூளை வாதம். கழுத்து நிற்காது, வாயால் விழுங்க முடியாது. இந்த வருடம் நிமோனியா மாறி மாறி வந்து பாதி நாள் ஆஸ்பத்திரியில்தான் கிடந்தது. இப்போது வீட்டுக்கு விட்டிருக்கிறார்கள். வார்ட்டில் கிடந்தால் இன்னும் ஏதாவது தொற்றும், வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னாராம். மூக்கு வழியாகப் பால் கொடுக்கும் குழாய், சளி உறிஞ்சும் மெஷின், ராத்திரியில் ஒட்சிசன். இவ்வளவும் தோட்டத்து வரிசை வீட்டில், ஒரு லயக் காம்பராவுக்குள்.

தாய் கொழுந்து எடுக்கப் போனவர், இப்போது போவதில்லை. தகப்பன் கொழும்பில் கடையில் நிற்கிறார். பிள்ளைக்கு மூத்தது ஒரு அக்கா, அப்புறம் ஒரு பாட்டி.

எங்கள் இளைஞர் மன்றம், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடுகிற பிரட்டுக்களத்தில் ஒரு நாள் உண்டியல் வைத்துக் காசு சேர்த்துச் சளி மெஷினை வாங்கிக் கொடுத்துவிட்டது. அன்றைக்கு எல்லோரும் சந்தோஷமாகக் கொடுத்தார்கள். இனி மாதாமாதம் வேண்டும் என்கிறபோதுதான் என்ன செய்வதென்று தெரியவில்லை. பேஸ்புக்கில் படம் போடலாம் என்கிறார்கள் சிலர். இப்படிச் செய்து பழக்கமுள்ளவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

கண்டி மிஸ்

தம்பி, சிறுவர் வார்ட்டில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். முதலில் எதற்குக் காசு என்று ஒரு தாளில் எழுதுங்கள். மெஷினுக்குச் சனம் கொடுக்கும். மெஷின் கண்ணுக்குத் தெரிகிற சாமான், கையளிக்கும்போது படமும் எடுக்கலாம். அந்த மெஷினுக்குள் போடுகிற குழாய்க்குக் கொடுக்க ஆள் கிடைக்காது. ஆனால் குழாய் முடிந்த அன்றைக்கு மெஷின் மூலையில் கிடக்கும் வெறும் பெட்டிதான்.

மாதம் மாதம் முடிகிறவை இவை: சளி உறிஞ்சும் மெல்லிய குழாய் (இந்த வயதுக்கு 8 அல்லது 10 நம்பர் வரும், கிளினிக் கொப்பியைப் பார்த்து வாங்குங்கள்), பால் கொடுக்கும் பெரிய சிரிஞ், மூக்கில் ஒட்டும் பிளாஸ்டர், குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று சோதிக்கும் பிஎச் தாள், பம்பர்ஸ், பால்மா. அப்புறம் கிளினிக் போய்வரும் ஆட்டோ. இதெல்லாம் போக, நடுராத்திரியில் மூச்சு முட்டினால் உடனே எடுக்கிறதுக்கென்று தொடாத காசு கொஞ்சம். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும், அதை மறக்க வேண்டாம். ஆனால் மேல் லயத்திலிருந்து றோட்டு வரைக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்குவது நீங்கள்தான். யார் யார் வருவார்கள் என்று இப்போதே பேசி வையுங்கள்.

இன்னொன்று. விரலில் மாட்டி ஒட்சிசன் அளவு பார்க்கும் சின்ன மெஷின் வைத்திருப்பார்கள். உங்கள் பக்கத்துக் குளிரில் பிள்ளையின் விரல் சில்லிட்டுப்போனால் அது பிழையாகக் காட்டும். உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நம்பர் குறைந்துவிட்டது என்று பயந்து ஒட்சிசனைத் தாங்களாகக் கூட்டக் கூடாது. சூடாக்கியும் குறைவாகவே காட்டினால், இல்லை, பிள்ளையின் உதடு நீலம் பாய்ந்தால், உடனே ஆஸ்பத்திரிக்கு எடுக்க வேண்டும்.

வட்டவளை பொடியன்

மச்சான், படம் போடு. தாயும் பிள்ளையும் சேர்ந்த படம். ஒரே கிழமையில் வெளிநாட்டிலிருந்து காசு கொட்டும். நாங்கள் ஒரு தம்பியின் இதய ஒப்பரேஷனுக்கு அப்படித்தான் சேர்த்தோம்.

கணக்கப்பிள்ளை வீடு

ஒப்பரேஷன் ஒரு தடவையோடு முடிகிற செலவு. இது அப்படி இல்லை. மின்சாரத்தை மட்டும் எடுங்கள், யாரும் பேசாத செலவு அது.

காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்து நிமிடத்துக்கு 5 லீற்றர் வரை கொடுக்கிற மெஷின் ஏறத்தாழ 350 வாட் இழுக்கும். ராத்திரி 10 மணித்தியாலம் ஓடினால் 3.5 யுனிட். மாதத்துக்கு 105 யுனிட். வீட்டின் சாதாரணப் பாவனை 50, 60 யுனிட் என்று வைத்தால் மொத்தம் 155, 165 வரும். வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுகிறது என்பது தெரியும்தானே. 60 யுனிட்டுக்குள் இருந்த வீடு ஒரே மாதத்தில் 121–180 படிக்குப் போய்விடும். பிள்ளைக்கு நாள் முழுக்க ஒட்சிசன் தேவைப்பட்டால் மெஷினுக்கு மட்டும் 250 யுனிட்டுக்கு மேல், அது கடைசிப் படி.

சில லயங்களில் இரண்டு மூன்று காம்பராவுக்கு ஒரே மீற்றர். பக்கத்து வீட்டுக்காரர் பாவம் பார்த்து முதல் மாதம் கட்டுவார். மூன்றாவது மாதம் சண்டை வரும். அதனால் முதல் வேலையாக அந்தக் காம்பராவுக்குத் தனி மீற்றர் எடுக்கப் பாருங்கள். தோட்ட நிர்வாகத்தின் கடிதம் வேண்டியிருக்கும். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு தோட்ட ஒபிசுக்குப் போங்கள்.

ராகலை அம்மா

படம் போடுவதைப் பற்றி நான் சொல்ல வேண்டும்.

என் மகனுக்குத் தசை நோய். ஆண்பிள்ளைகளுக்கு வந்து வயது ஏற ஏற நடையை எடுத்து, பிறகு மூச்சையும் எடுக்கிற நோய். அவனுக்குப் பதினான்கு வயதாக இருக்கும்போது உதவி செய்கிறோம் என்று ஒரு குழு வந்தது. சட்டை இல்லாமல் படுத்திருந்தவனைப் படம் எடுத்தார்கள். முதுகில் புண் இருந்தது, அதையும் எடுத்தார்கள். அவன் அன்றைக்கு எதுவும் பேசவில்லை. அடுத்த நாள் அவனோடு படித்த பொடியன் ஒருவன் போனில் அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறான். "அம்மா, ஏன் சட்டை போட்டுவிடல?" என்று கேட்டான்.

காசு வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. கொஞ்ச நாளில் நின்றும் போனது. மகன் போய்ச் சேர்ந்துவிட்டான். அந்தப் படம் இன்னும் சுற்றுகிறது. கீழே யாரோ வேறு கணக்கு நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள். என் பிள்ளையைக் காட்டி யாரோ காசு எடுக்கிறார்கள், என்னால் நிறுத்த முடியவில்லை.

ஏழு வயதுப் பிள்ளைக்குப் பேச்சு வராவிட்டாலும் வெட்கம் இருக்கும். தயவு செய்து யோசியுங்கள்.

வட்டவளை பொடியன்

அக்கா, நீங்கள் எழுதியதை வாசித்து மனசு தாங்கவில்லை. நான் படம் போடச் சொன்னது அந்தப் பிள்ளைக்கு நல்லது நடக்க வேண்டும் என்றுதான். ஆனால் படம் இல்லாமல் எழுத்தை மட்டும் போட்டால் யார் நம்புவார்கள்? டுபாயில் இருக்கிறவனுக்குச் சாமிமலையில் என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்? நாட்டில் கள்ளக் கணக்கு அவ்வளவு இருக்கிறது.

குவைத் அக்கா

தம்பி, நான் அங்கே இருக்கிறவள்தான். பொகவந்தலாவையில் பிறந்து, இங்கே ஒரு வீட்டில் வேலை. என்னைப்போல மலையகத்துப் பெண்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நிறையப் பேர். எங்களுக்கு அழுகிற படங்கள் வந்துகொண்டே இருக்கும். பார்த்துப் பார்த்து இப்போது திறப்பதே இல்லை. போட்டவன் யார், காசு போய்ச் சேர்ந்ததா, எதுவும் தெரியாது. ஒருமுறை ஏமாந்தவர்கள் மறுமுறை கொடுப்பதில்லை.

நான் மாதம் தவறாமல் காசு அனுப்புவது ஒரே ஒரு இடத்துக்கு. எங்கள் பழைய டீச்சர் ஒருவர் பார்க்கிற பிள்ளைக்கு. அந்தப் பிள்ளையின் முகம் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு மாத முடிவிலும் டீச்சர் வட்ஸ்அப்பில் மூன்று வரி அனுப்புவார். இவ்வளவு வந்தது, இவ்வளவு போனது, பிள்ளை இந்த மாதம் இப்படி இருக்கிறது. கூடவே பாமசி பில். அந்தப் பில்லைப் பார்த்தால் போதும். இங்கே நாங்கள் சீட்டுப் பிடிக்கிற பெண்கள் சேர்ந்து ஆளுக்கு ஒரு தினார் போடுகிறோம். சம்பளம் கிடைத்த அன்றே எடுத்து வைத்துவிடுவோம். யாரும் எங்களைக் கெஞ்சவும் இல்லை.

நம்பிக்கைக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், தெரிந்த ஒரு மனுசர், மாதம் ஒரு பில். அந்த டீச்சரைப்போல உங்கள் டிவிசனில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

நானுஓயா டீச்சர்

நான் ஒன்று கேட்கிறேன், சாமிமலைத் தம்பி. மூத்த அக்கா இருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அந்தப் பிள்ளை எத்தனையாம் ஆண்டு? பாடசாலைக்குப் போகிறதா?

சாமிமலைக்காரன்

ஒன்பதாம் ஆண்டு டீச்சர். இப்போது பெரும்பாலும் வருவதில்லையாம். தாய் தண்ணீர் எடுக்க, விறகு பொறுக்க, கடைக்குப் போக வெளியே இறங்கினால் தங்கச்சிக்குச் சளி எடுக்கத் தெரிந்தது அவள் மட்டும்தான். பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாது.

நானுஓயா டீச்சர்

அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். என் வகுப்பிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தாள். வரவு இடாப்பில் வராதவள் என்று கோடு போட்டுக்கொண்டே போனோம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோதுதான் அவள் ஒரு தாதி செய்கிற வேலையை எல்லாம் செய்துகொண்டிருந்தது தெரிந்தது. அப்புறம் சாதாரண தரப் பரீட்சை எழுதவே இல்லை.

உங்கள் பட்டியலில் அக்காவையும் சேர்த்துவிடுங்கள். பாடசாலை நேரத்தில் அந்த வீட்டில் நிற்க ஒரு ஆள் வேண்டும். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்க்கிற பிள்ளைக் காம்பராவில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஆயாமார் எந்தத் தோட்டத்திலும் ஒருவராவது இருப்பார்கள். குழந்தை தூக்கிப் பழகிய கை. ஒருவருக்குச் சளி எடுக்கவும் பால் கொடுக்கவும் கண்டி மிஸ்மாதிரி யாராவது பழக்கிவிட்டால், காலையில் வந்து நின்றுவிட்டுப் போகலாம். அவருக்குக் கொஞ்சம் கைக்காசு கொடுங்கள். சும்மா வரச் சொல்லாதீர்கள், சும்மா வருகிறவர் ஒரு மாதத்தில் நின்றுவிடுவார்.

கண்டி மிஸ்

டீச்சர் சொன்னது மிகவும் சரி. பழக்குவதும் பெரிய வித்தை இல்லை. பால் கொடுக்க முன்னால் ஒவ்வொரு தடவையும் குழாயில் கொஞ்சம் இழுத்துத் தாளில் தொட்டுப் பார்க்க வேண்டும். தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், பால் முடிந்தும் அரை மணித்தியாலம் அப்படியே. படுக்கவைத்துக் கொடுத்தால் பால் நெஞ்சுக்குள் போய் மறுபடி நிமோனியா. சளி எடுக்கும்போது குழாய் உள்ளே 10, 15 செக்கனுக்கு மேல் நிற்கக் கூடாது. இருமல் வந்தால், நிறம் மாறினால் நிறுத்திவிட வேண்டும். இவ்வளவையும் தாய் வார்ட்டில் செய்து பழகியிருப்பார். அவர்தான் ஆயாவுக்குக் குருவாக இருக்க வேண்டும். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது ஆயாவையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். வார்ட்டு மிஸ்மார் முன்னால் ஒருமுறை செய்துகாட்டினால் போதும்.

பதுளை 80

எல்லோரும் நல்ல மனதோடு பேசுகிறீர்கள். ஆனால் ஒரு கேள்வி. இந்த நாட்டில் வைத்தியம் இலவசம். கொழும்பில் லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி, பேராதனையில் சிறுவர் வைத்தியசாலை, மஹரகமவில் அபேக்ஷா புற்றுநோய் ஆஸ்பத்திரி, எங்கும் கட்டில் காசு இல்லை. அப்படியிருக்க நாட்சம்பளக்காரனின் பொக்கட்டிலிருந்து ஏன் எடுக்க வேண்டும்? தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்கும் கதை 90களிலிருந்து நடக்கிறது. கொஞ்சம் எடுத்தார்கள், மிச்சம் அப்படியே. நாங்கள் காசு சேர்க்கச் சேர்க்க அவர்கள் கையைக் கழுவிவிடுவார்கள். உரிமையாகக் கேட்க வேண்டியதைப் பிச்சையாகக் கேட்கப் பழக்குகிறோம்.

கணக்கப்பிள்ளை வீடு

பதுளை அண்ணா, கேட்க வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பு இல்லை. ஆனால் கட்டில் இலவசம் என்பது கட்டிலில் படுத்திருக்கும் வரைதான். வீட்டுக்கு அனுப்பியதும் கரண்ட், ஆட்டோ, பம்பர்ஸ், தாயின் சம்பளம் எல்லாம் குடும்பத்தின் தலையில். பணக்கார வீட்டுக்கும் இது பாரம்தான். லயத்தில் இருக்கிறவர்களுக்கு மூச்சே நின்றுவிடும்.

கேட்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன. ஜனாதிபதி நிதியத்தில் வைத்திய உதவிக்கு விண்ணப்பிக்கலாம். முன்பு கொழும்புக்கு அலைய வேண்டும், 2025இலிருந்து பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். வைத்தியரின் அறிக்கை இல்லாமல் ஒன்றும் நகராது, அதை முதலில் எடுங்கள். அரசின் நலன்புரிக் காசான அஸ்வெசும கிடைக்கிறதா, மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்குப் பிள்ளையின் பெயர் பதிந்திருக்கிறதா என்று கிராம சேவகரிடம் கேளுங்கள். பல வீடுகளில் பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழை, அடையாள அட்டையில் வேறு பெயர் என்று அந்த இடத்திலேயே நின்றுபோகிறது. உங்கள் மன்றத்தில் எழுத வாசிக்கத் தெரிந்த இரண்டு பேர் அந்தப் பேப்பர் வேலையை எடுத்துக்கொண்டாலே பாதி உதவி.

அப்புறம் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கு ஒரு கடிதம். இந்த முகவரியில் வீட்டில் ஒட்சிசனோடு ஒரு பிள்ளை இருக்கிறது என்று. சுகாதார அமைச்சு, குணமாக்க முடியாத நோயிலும் வலியையும் கஷ்டத்தையும் குறைக்கிற நோய்த்தணிப்புச் சேவைக்கென்று 2019–2023 காலத்துக்குத் தேசிய வேலைத்திட்டமே போட்டது, வீட்டுப் பராமரிப்பும் அதில் பேசப்பட்டது. எழுத்தில் கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்கு இருக்கிறது. கடிதத்தின் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

பதுளை 80

சரி, கடிதம் எழுதிவிட்டுக் காசும் சேர்ப்போம் என்றால் எனக்குச் சம்மதம். கடிதத்தைச் சிங்களத்தில் எழுத ஆள் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன். இங்கே பெயர் விவரம் ஒன்றும் போடாதீர்கள், தனியாக அனுப்புங்கள்.

சாமிமலைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று மன்றக் கூட்டத்தில் இதையெல்லாம் வாசித்தேன். இரண்டு விஷயத்தில் பெரிய வாக்குவாதம்.

ஒன்று, தாய்க்குக் காசாகக் கொடுப்பதா என்பது. மருந்து, பம்பர்ஸ் வாங்கிக் கொடுக்கலாம், கரண்ட் பில் கட்டலாம், ஆனால் சம்பளம்மாதிரிக் காசு கொடுத்தால் ஊரில் கதை வரும் என்கிறார்கள். வீட்டில் சும்மா இருக்கிறவளுக்கு ஏன் என்று ஒருவர் கேட்டேவிட்டார்.

மற்றது சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. வயதானவர் ஒருவர் எழுந்து, பிழைக்காத பிள்ளைக்குக் கொட்டுகிற காசைப் படிக்கிற பிள்ளைக்குக் கொடுக்கலாமே என்றார். கெட்ட மனதோடு சொல்லவில்லை. பலருக்கும் மனதில் அதுதான் இருந்தது என்று நினைக்கிறேன், யாரும் பதில் சொல்லவில்லை.

ராகலை அம்மா

சும்மா இருக்கிறவள் என்று சொன்னவரை ஒரு ராத்திரி அந்த வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். சளி கறகறவென்றதும் எழும்ப வேண்டும். திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பில் புண் வந்துவிடும். விடிய முன்னால் பால். பகலில் துணி. மழைக்காலத்தில் அந்தத் துணி காயாது, அடுப்புக்கு மேல் கொடி கட்டிக் காயப்போட்டால் புகை நாற்றம், அதைப் பிள்ளைக்குப் போட்டால் இருமல். கொழுந்து எடுக்க மலைக்குப் போன நாளில், வீட்டில் இருந்ததைவிட எனக்கு ஓய்வு கிடைத்தது.

பிழைக்காத பிள்ளை என்று சொன்ன ஐயாவுக்கு நான் கோபமாக எதுவும் எழுதவில்லை. என் மகன் பிழைக்க மாட்டான் என்று எனக்கு அவன் எட்டு வயதாக இருக்கும்போதே தெரியும். அதற்குப் பிறகு அவன் எத்தனையோ வருடம் இருந்தான். கிரிக்கெட் பார்த்தான், தங்கச்சியோடு சண்டை பிடித்தான், மாரியம்மன் திருவிழாவுக்கு நாற்காலியில் தூக்கிக்கொண்டு போனால் கரகம் முடியும் வரை வீட்டுக்கு வரமாட்டேன் என்பான். வலி இல்லாத நாளில் எவ்வளவு பேசுவான் தெரியுமா? வலி இருந்த நாளில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். அந்தக் காசு என் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தது வலி இல்லாத நாட்கள்தான்.

கண்டி மிஸ்

அக்கா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. வைத்தியத்திலும் அதுதான் பேச்சு. பிள்ளைகளின் நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்பது நோய் கண்டுபிடித்த நாளிலிருந்தே தொடங்க வேண்டியது, வைத்தியம் நடக்கிறதோ இல்லையோ கூடவே போக வேண்டியது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கடைசி நாளைக்கான ஏற்பாடு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கணக்கப்பிள்ளை வீடு

தாயின் சம்பளத்துக்கும் கணக்குப் போடுவோம். 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் வந்த 1350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தை வைத்தே பார்த்தாலும், மாதம் 20 பேர் (ஒரு பேர் என்றால் ஒரு நாள் வேலை) விழுந்தால் 27,000 ரூபாய். அதோடு ஓய்வுக்காலத்துக்கென்று தோட்டம் கட்டுகிற 12 வீத ஈபிஎப் சேமலாபக் காசும் நின்றுபோகிறது. நீங்கள் எழுதிய குழாய், தாள், பம்பர்ஸ் எல்லாம் கூட்டினாலும் அந்த வீட்டின் பெரிய நட்டம் இதுதான். இதை விட்டுவிட்டுப் பம்பர்ஸ் மட்டும் வாங்கிக் கொடுத்தால், இரண்டாவது மாதம் தாய் மலைக்குத் திரும்பிப் போவார், அக்கா பாடசாலையை விட்டு நிற்பாள். வேறு வழி இல்லை அவர்களுக்கு.

முழுச் சம்பளத்தையும் மன்றம் கொடுக்க முடியாது, தெரியும். ஆயா காலையில் நின்றால் தாய் வாரத்தில் இரண்டு மூன்று நாள் அரைப்பேருக்காவது போகலாம். மிச்சத்துக்கு ஒரு தொகை. தோட்டத்துத் துரையிடம் (மேலாளர்) பேசி, தாயின் பெயரைச் செக்ரோலில், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவில், வெட்டாமல் வைத்திருக்கவும் கேளுங்கள், அதற்குத் தலைவர் வேண்டும்.

இனி எப்படிச் சேர்ப்பது என்பதற்கு என் யோசனை. எந்தத் தோட்டத்திலும் மரண உதவிச் சங்கம் இருக்கிறது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பெட்டி, பந்தல், தேத்தண்ணி, எல்லாவற்றுக்கும் காசு அன்றைக்கே வரும். யாரும் படம் கேட்பதில்லை, இந்த வீட்டுக்கு ஏன் என்று கேட்பதும் இல்லை. எல்லா வீட்டுக்கும் ஒருநாள் வரும் என்று தெரியும். உயிரோடு படுத்திருக்கிற பிள்ளைக்கும் அதே புத்தகத்தில் ஒரு பக்கம் திறந்தால் என்ன? 140 குடும்பம் இருந்து மாதம் 100 ரூபாய் கொடுத்தால் 14,000. இந்த ஒரு பிள்ளைக்கென்று சொல்லாதீர்கள். நம் டிவிசனில் எந்தப் பிள்ளைக்கு வந்தாலும் என்று சொல்லுங்கள். அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டிய தலசீமியாப் பிள்ளை இருக்கலாம், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு வந்து காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை இருக்கலாம்.

வட்டவளை பொடியன்

இந்த யோசனை நல்லது அண்ணா. அப்படியென்றால் படம் தேவையே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். வெளிநாட்டுக் காசும் அதே கணக்குக்கு வரலாம். கணக்கு யார் பெயரில்?

கணக்கப்பிள்ளை வீடு

தனி ஆள் பெயரில் வேண்டவே வேண்டாம். எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஊர் பேசும், நல்லவர்தான் முதலில் மனம் நொந்து ஒதுங்குவார். சங்கத்தைப் பிரதேச செயலகத்தில் பதிந்திருந்தால் சங்கத்தின் பெயரிலேயே வங்கியில் திறக்கலாம், இரண்டு பேர் கையெழுத்து. ஒருவர் மன்றத்திலிருந்து, மற்றவர் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமில்லாத ஒரு பெண். பெண் என்று ஏன் சொல்கிறேன் என்றால், பம்பர்ஸ் எத்தனை முடிந்தது என்று தாய் ஆண்களிடம் சொல்லக் கூச்சப்படுவார். ஹற்றன் டவுனில் உண்டியலோடு நிற்பதாக இருந்தால் பொலிசிலும் நகரசபையிலும் கேட்டு எழுத்தில் அனுமதி எடுத்துவிட்டு நில்லுங்கள்.

கம்பளை மெக்கானிக்

ஒட்சிசன் மெஷின் இன்னும் எடுக்கவில்லை என்றால் ஒரு வார்த்தை. 2021 கொரோனா நேரத்தில் நன்கொடையாக வந்த மெஷின்கள் கோயில், பள்ளி, சங்கக் கட்டடங்களில் அலுமாரிக்குள் கிடக்கின்றன. கேட்டால் தருவார்கள். ஆனால் வாங்கியதும் மாட்டிவிடக் கூடாது. உள்ளே இருக்கிற மணிகள் ஈரத்தை இழுக்கும், ஓடாமல் கிடந்த மெஷின் காற்றைத் தள்ளும், அதில் ஒட்சிசன் குறைவாக இருக்கும். நல்ல மெஷின் 90 வீதத்துக்கு மேல் காட்ட வேண்டும். ஆஸ்பத்திரியில் மெஷின் திருத்துகிற ஆட்களிடம் அளக்கும் கருவி இருக்கும், கொடுத்துப் பார்த்துவிட்டு எடுங்கள்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பதும் இருக்கிறது. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மண்சரிந்து மலையகத்தில் பல இடங்களில் கரண்டும் இல்லை, றோட்டும் இல்லை. 100 ஆம்பியர் கார் பற்றரி ஒன்றை இன்வேர்ட்டரில் மாட்டினால் இந்த மெஷினை இரண்டு மணித்தியாலம்கூட இழுக்காது. பற்றரிக்குக் காசு செலவழிக்க வேண்டாம், சிலிண்டர் வாங்கி வையுங்கள். 7 கன மீற்றர் பெரிய சிலிண்டரில் ஏறத்தாழ 7000 லீற்றர் இருக்கும். நிமிடத்துக்கு 1 லீற்றர் போனால் நான்கு நாளைக்கு மேல் வரும். சிலிண்டரைச் சங்கிலி போட்டுச் சுவரோடு கட்டுங்கள், மண் தரையில் சரிந்து விழுந்தால் ஆபத்து. சளி மெஷினும் கரண்டில் ஓடுவதுதான், காலால் மிதிக்கிறது ஒன்று கூடவே இருக்க வேண்டும்.

கண்டி மிஸ்

நல்ல வேளை ஞாபகப்படுத்தினீர்கள். தம்பி, அந்தக் காம்பராவில் சாமி விளக்கு எங்கே இருக்கிறது, விறகடுப்பு எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். ஒட்சிசன் போகிற இடத்தில் நெருப்பு பிடித்தால் நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். விளக்கு, சாம்பிராணி, கற்பூரம், தாத்தாமாரின் பீடி, எதுவும் அந்த அறைக்குள் வேண்டாம். சாமிப் படத்தை மற்ற அறைக்கு மாற்றச் சொல்லும்போது பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பிள்ளையின் அறைக்குப் புகை வராமல் அடுப்படியை அடைத்துக் கொடுப்பதும் உங்கள் பொடியன்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்யக்கூடிய வேலை. காசே தேவையில்லை, நாலு தகரமும் ஆணியும் போதும்.

சாமிமலைக்காரன்

மன்றத்துக்கும் மரண உதவிச் சங்கத்துக்கும் சேர்த்துக் கூட்டம் போட்டோம். கணக்கப்பிள்ளை வீட்டு அண்ணா எழுதியதை அப்படியே வாசித்தேன். சங்கப் புத்தகத்தில் தனிப் பக்கம் திறக்கச் சம்மதம். மாதம் 100 ரூபாய், முடியாத வீட்டை யாரும் கேட்பதில்லை. முதல் ஆறு மாதத்துக்குப் பார்ப்போம் என்று முடிவு. தாய்க்குக் கொடுக்கிற தொகையைப் பற்றி இன்னும் இழுபறிதான். பாதிப் பேர் ஒத்துக்கொண்டார்கள். கரண்ட் பில்லும் ஆயாவின் காசும் சங்கம் கட்டும் என்று இப்போதைக்கு. அந்த ஐயா கூட்டம் முடிந்து போகும்போது முதல் 100 ரூபாயை அவர்தான் கொடுத்துவிட்டுப் போனார், ஒன்றும் பேசவில்லை.

பிள்ளைக் காம்பராவில் இருந்த ஆயா ஒருவர் வரச் சம்மதித்துவிட்டார். தாயிடம் கேட்டபோது படம் வேண்டாம் என்று சொன்னது மட்டும்தான் அவருடைய நிபந்தனை. தனி மீற்றருக்கு ஒபிசில் கடிதம் கொடுத்தாயிற்று. குவைத் அக்கா, மாதாந்தப் பில்லை அனுப்ப உங்கள் குழுவில் ஒரு ஆளை எங்களோடு சேர்த்துவிடுங்கள்.

சிலிண்டர் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

குவைத் அக்கா

என்னையே சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. இந்த மாதச் சீட்டில் பேசிவிட்டேன், பதினொரு பேர் ஒத்துக்கொண்டார்கள். தாய்க்குக் கொடுக்கிற தொகைக்கு ஊரில் மனம் வராவிட்டால் அதை நாங்கள் பார்க்கிறோம். வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள், அந்தக் கணக்கு எங்களுக்குப் புரியும்.

கம்பளை மெக்கானிக்

என்னிடம் பெரிய சிலிண்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. வெல்டிங் வேலைக்கு வைத்திருந்தது இல்லை, வைத்திய ஒட்சிசன் சிலிண்டர்தான், என் அம்மாவுக்கு எடுத்தது. ரெகுலேட்டரும் உண்டு. சோதித்து நிரப்பித் தருகிறேன். தேவை முடிந்தால் சங்கமே வைத்துக்கொள்ளட்டும், அடுத்த பிள்ளைக்கு ஆகும். ஆட்டோவில் ஏற்ற முடியாது, லொறி வேண்டும். சனிக்கிழமை மஸ்கெலியாவுக்கு மரக்கறி ஏற்ற வருகிற லொறிக்காரர் ஒருவரைத் தெரியும், அவரிடம் கேட்டுவிட்டு இரவு எழுதுகிறேன். றோட்டிலிருந்து லயத்துக்கு ஏற்ற நாலு பேரை மட்டும் தயார் பண்ணி வையுங்கள்.

சாமிமலைக்காரன்

நாலு இல்லை அண்ணா, பத்துப் பேர் நிற்போம். லொறி வருகிற நேரத்தை மட்டும் சொல்லுங்கள்.